ஓகேமில் எனர்ஜி: சோலாரா, சாட்டிலைட்டா, ஃபியூஷனா?

ஓகேம் என்ற விண்வெளி ஆன்லைன் விளையாட்டை விளையாடத் தொடங்கி இரண்டு மூன்று நாளுக்குள் எல்லோர் கண்ணிலும் அந்தச் சிவப்பு எண் பட்டுவிடும். திரையின் மேலே மெட்டல், கிரிஸ்டல், டியூட்டீரியம் என்ற மூன்று வளங்களும் ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் எனர்ஜி மட்டும் மைனஸில் போய்ச் சிவந்து நிற்கும். புதிதாக வந்தவர்கள் அதைக் கவனிக்காமல் சுரங்கங்களை உயர்த்திக்கொண்டே போவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சுரங்கம் பெரிதானால் வரவும் பெரிதாகும் என்று நினைப்பது இயல்புதானே. ஆனால் இந்த விளையாட்டில் சுரங்கத்தின் அளவை விட, அதற்குப் போகும் எனர்ஜிதான் வரவைத் தீர்மானிக்கிறது.

ஓகேம் 2002-ல் ஜெர்மனியில் தொடங்கியது. பதிவிறக்க எதுவும் வேண்டாம், பிரவுசரிலேயே ஓடும். நாம் தூங்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும் சுரங்கங்கள் வேலை செய்துகொண்டிருக்கும். மற்ற ஆட்டக்காரர்களின் கப்பல்களும் பறந்துகொண்டிருக்கும். எனர்ஜி தர மூன்று வழிகள் இருக்கின்றன: சோலார் பிளான்ட், சோலார் சாட்டிலைட், ஃபியூஷன் ரியாக்டர். எதை எப்போது கட்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. இங்கே வரும் எண்கள் எல்லாம் 1 மடங்கு வேகத்தில் ஓடும் யூனிவர்ஸுக்கானவை (ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு தனி சர்வரும் ஒரு யூனிவர்ஸ்).

எனர்ஜி சேராது

மெட்டல் சேரும், கிரிஸ்டல் சேரும். எனர்ஜி சேராது. தொட்டியில் பிடித்து வைக்கும் தண்ணீர் மாதிரி இதை நினைத்தால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். குழாயில் இந்த நிமிடம் எவ்வளவு வருகிறது, இந்த நிமிடம் எவ்வளவு தேவைப்படுகிறது, அவ்வளவுதான் கணக்கு. 500 தேவைப்படும் கிரகத்தில் 800 தயாரித்தால் மிச்சமுள்ள 300 நாளைக்கு உதவாது. 500 தேவைப்படும் இடத்தில் 400தான் வருகிறதென்றால், அந்தக் கிரகத்தின் எல்லாச் சுரங்கங்களும் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எந்தச் சுரங்கத்தால் பற்றாக்குறை வந்தது என்று விளையாட்டு பார்ப்பதில்லை. வெட்டு எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் விழும்.

இது எவ்வளவு தூரம் கடிக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். உங்களிடம் சோலார் பிளான்ட் லெவல் 10, மெட்டல் சுரங்கம் லெவல் 11, கிரிஸ்டல் சுரங்கம் லெவல் 9 இருக்கின்றன என்று வையுங்கள். சோலார் தருவது 518. சுரங்கங்கள் கேட்பது 527. சின்னப் பற்றாக்குறைதான். சுரங்கங்கள் 98 சதவீதத்தில் ஓடும். மணிக்கு ஏறக்குறைய 925 மெட்டலும் 417 கிரிஸ்டலும் தரும். இப்போது மெட்டல் சுரங்கத்தை லெவல் 12-க்கு உயர்த்துகிறீர்கள். செலவு 5,190 மெட்டலும் 1,297 கிரிஸ்டலும். தேவை 590 ஆகிவிடும், வருவதோ அதே 518. சுரங்கங்கள் 88 சதவீதத்துக்கு இறங்கும். மெட்டல் 992 ஆக ஏறும், கிரிஸ்டல் 373 ஆக இறங்கும்.

அதாவது 67 மெட்டல் கூடியது, 44 கிரிஸ்டல் குறைந்தது. ஆட்டக்காரர்களிடையே வழக்கமான மாற்று விகிதப்படி 3 மெட்டல், 2 கிரிஸ்டல், 1 டியூட்டீரியம் மூன்றும் ஒரே மதிப்பு. அப்படிப் பார்த்தால் 44 கிரிஸ்டல் என்பது 66 மெட்டல். ஐயாயிரத்துக்கும் மேல் மெட்டலைக் கொட்டி, கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக 4,325 மெட்டலும் 1,730 கிரிஸ்டலும் போட்டு சோலாரை முதலில் லெவல் 11 ஆக்கியிருந்தால் 628 வந்திருக்கும். அதன் பிறகு உயர்த்தும் மெட்டல் சுரங்கம் முழு வேகத்தில் ஓடியிருக்கும். சுரங்கத்துக்கு முன்னால் எனர்ஜி: ஆரம்ப நாட்களில் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சோலார் பிளான்ட்

முதல் இரண்டு வாரம் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், சோலார் பிளான்ட் போதும். எரிபொருள் கேட்காது. எதிரி வந்தாலும் கட்டடங்கள் உடையாது. மனதில் வைத்துக்கொள்ள சுலபமான ஒரு பொருத்தமும் இதில் உண்டு. லெவல் 1 சோலார் 22 தரும். லெவல் 1 மெட்டல் சுரங்கமும் லெவல் 1 கிரிஸ்டல் சுரங்கமும் ஆளுக்கு 11 எடுக்கும். இந்தப் பொருத்தம் எல்லா லெவலிலும் தொடரும். ஒரு லெவல் சோலார், அதே லெவல் மெட்டல், கிரிஸ்டல் சுரங்கங்கள் இரண்டையும் தாங்கும். டியூட்டீரியம் சுரங்கம் மட்டும் ஒன்றே இரண்டு பங்கு எடுக்கும், அதாவது அதே லெவல் சோலார் ஒன்றை அதுவே தனியாக விழுங்கிவிடும்.

சரி, அப்படியே லெவல் 25 வரை போய்விடலாமே என்றால், அங்கேதான் விலை குறுக்கே வருகிறது. சோலாரின் விலை ஒவ்வொரு லெவலுக்கும் ஒன்றரை மடங்காகிறது. அது தரும் எனர்ஜி அந்த வேகத்தில் ஏறாது. லெவல் 20-லிருந்து 21-க்குப் போக 2,49,394 மெட்டலும் 99,758 கிரிஸ்டலும் வேண்டும். கூடுதலாகக் கிடைப்பது சுமார் 417 எனர்ஜி. ஏறக்குறைய இதே 417-ஐ மிதமான வெப்பமுள்ள கிரகத்தில் 13 சாட்டிலைட்டுகள் தந்துவிடும். அவற்றின் மொத்த விலை 26,000 கிரிஸ்டல், 6,500 டியூட்டீரியம்.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் சோலாரை நிறுத்திவிட்டு சாட்டிலைட்டுக்கு ஓடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஆரம்ப லெவல்களில் நிலைமை தலைகீழ். சோலார் லெவல் 11-க்கு ஆகும் செலவை மெட்டல் மதிப்பில் கூட்டினால் 6,920 வரும். அந்த 109 எனர்ஜிக்கு 4 சாட்டிலைட் வாங்கினால் 18,000 மெட்டல் மதிப்புக்குச் செலவு. இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய லெவல் 14. அதுவரை சோலார்தான் மலிவு, அதற்கு மேல் சாட்டிலைட் மலிவு. மிகச் சூடான கிரகத்தில் இந்த எல்லை கொஞ்சம் முன்னால் வரும், குளிர்ந்த கிரகத்தில் வெகு தூரம் தள்ளிப் போகும்.

சாட்டிலைட்டின் இரண்டு முகங்கள்

சோலார் சாட்டிலைட்டை ஷிப்யார்டில், அதாவது கப்பல் கட்டும் தளத்தில், கட்ட வேண்டும். ஒன்றின் விலை 2,000 கிரிஸ்டல், 500 டியூட்டீரியம். மெட்டலே வேண்டாம். எத்தனை கட்டினாலும் விலை ஏறாது. ஆயிரமாவது சாட்டிலைட்டும் முதல் சாட்டிலைட்டின் விலைதான். கிரகத்தில் இடமும் பிடிக்காது. தாய்க் கிரகத்தில் மொத்தம் 163 கட்டங்கள்தான், ஒவ்வொரு கட்டட லெவலும் ஒரு கட்டத்தைத் தின்னும். பிற்காலத்தில் கட்டம் தீர்ந்து தவிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

ஒரு சாட்டிலைட் எவ்வளவு தரும் என்பது கிரகத்தின் வெப்பநிலையைப் பொறுத்தது. இன்றைய பதிப்பில் கணக்கு இதுதான்: கிரகத்தின் சராசரி வெப்பநிலையோடு 160-ஐக் கூட்டி 6-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 40 டிகிரி என்றால் ஒன்றுக்கு 33. ஒரு சூரியக் குடும்பத்தில் 15 இடங்கள் உண்டு; 1 சூரியனுக்கு அருகில், 15 கடைசியில். முதல் இடத்தில் சராசரி 220 டிகிரி உள்ள கிரகம் கிடைத்தால் ஒரு சாட்டிலைட் 63 தரும். பதினைந்தாம் இடத்தில் மைனஸ் 130 டிகிரி கிரகத்தில் அதே சாட்டிலைட் தருவது வெறும் 5.

உண்மையான விண்வெளியிலும் சூரியத் தகடுகளின் கதை இதுதான். 2011-ல் வியாழனுக்குக் கிளம்பிய ஜூனோ விண்கலத்தின் மூன்று பெரிய சூரியத் தகடுகள், பூமிக்கு அருகில் இருந்தால் சுமார் 14 கிலோவாட் மின்சாரம் தரும். வியாழன் போய்ச் சேர்ந்தபோது அவை தந்தது சுமார் 500 வாட். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. விளையாட்டு இதை எளிமையாக்கி வெப்பநிலைக்குள் அடக்கியிருக்கிறது, ஆனால் அடிப்படை அதேதான்.

இனி மறுமுகம். சாட்டிலைட் கட்டடம் அல்ல, கப்பல் கணக்கில் சேரும். தாக்கினால் அது உடையும். மற்றக் கப்பல்களை இரவில் எங்காவது அனுப்பிப் பத்திரமாக வைக்கலாம், சாட்டிலைட்டை நகர்த்தவே முடியாது. ஒன்றின் தாக்கும் பலம் 1, கவசமும் 1. எதிரிக் கப்பல்கள் முன் அது காகிதம் மாதிரி. உடைந்த கப்பலின் விலையில் 30 சதவீதம் சிதைவாக மிதக்கும் என்பது வழக்கமான யூனிவர்ஸ் விதி. ஆக ஒவ்வொரு சாட்டிலைட்டும் எதிரிக்கு 600 கிரிஸ்டல். உங்கள் கிரகத்தை உளவு பார்ப்பவர் கண்ணுக்கு அது சாட்டிலைட்டாகத் தெரியாது, வானத்தில் தொங்கும் கிரிஸ்டலாகத்தான் தெரியும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கிரகத்தில் மெட்டல் 20, கிரிஸ்டல் 17, டியூட்டீரியம் 15 வைத்திருந்தேன். மூன்றும் சேர்ந்து கேட்டது 3,460. சோலார் லெவல் 16 தந்தது 1,470. மீதி 1,990-ஐ 61 சாட்டிலைட்டுகள் தந்தன. பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் 61-ம் போயிருந்தன. கட்ட ஆன செலவு 1,22,000 கிரிஸ்டலும் 30,500 டியூட்டீரியமும். எதிரி, சிதைவை அள்ளும் ரீசைக்கிளர் கப்பல் இரண்டை அனுப்பி 36,600 கிரிஸ்டலை அள்ளிக்கொண்டு போயிருந்தார். அதைவிட வலித்தது சுரங்கங்கள் 42 சதவீதத்துக்கு விழுந்ததுதான். புது சாட்டிலைட் கட்ட கிரிஸ்டல் வேண்டும், கிரிஸ்டல் வரவே பாதிக்கும் கீழே போய்விட்டது.

அந்த நாளில் கற்றுக்கொண்ட ஒன்று உங்களுக்கும் உதவும். வள அமைப்புகள் பக்கத்தில் ஒவ்வொரு சுரங்கத்தையும் 10 சதவீதப் படிகளில் குறைக்கலாம். இப்படிப் பற்றாக்குறை வந்தால் டியூட்டீரியம் சுரங்கத்தை உடனே 0-வில் வையுங்கள். ஒரு யூனிட் எனர்ஜிக்கு மெட்டல் சுரங்கம் தரும் மதிப்பும் கிரிஸ்டல் சுரங்கம் தரும் மதிப்பும் ஒன்றுதான். மிதமான கிரகத்தில் டியூட்டீரியம் சுரங்கம் தருவது அதில் அறுபது சதவீதமே. என் கிரகத்தில் அதை அணைத்ததும் மற்ற இரண்டும் 42-லிருந்து 66 சதவீதத்துக்கு ஏறின. மெட்டல் மணிக்கு 1,715-லிருந்து 2,690 ஆனது. டியூட்டீரியம் நின்றதைக் கழித்துப் பார்த்தாலும் மொத்த மதிப்பு கூடியிருந்தது. கிரிஸ்டலும் வேகமாகச் சேர்ந்து சீக்கிரமே மீண்டேன்.

சாட்டிலைட்டைக் காப்பாற்றுவதற்கு உடைக்கவே முடியாத கோட்டை வேண்டியதில்லை. தாக்க வருபவருக்கு நஷ்டம் ஆனால் போதும். 61 சாட்டிலைட்டில் அவருக்குக் கிடைப்பது 36,600 கிரிஸ்டல். கூடவே நீங்கள் கிரகத்தில் குவித்து வைத்திருக்கும் வளத்தில் பாதி வரை கொள்ளை போகலாம். ஆகவே படுக்கப் போகும் முன் வளத்தைச் செலவழித்துவிடுங்கள், அல்லது கப்பலில் ஏற்றி வெளியே அனுப்புங்கள். ராக்கெட் லாஞ்சர், லைட் லேசர் என்ற பாதுகாப்பு ஆயுதங்களைக் கலந்து வைத்து, வந்தால் 36,600-க்கு மேல் கப்பல் இழப்பு ஆகும் என்ற நிலையை உண்டாக்குங்கள். உளவு பார்த்தவர் கணக்குப் போட்டுவிட்டு அடுத்த கிரகத்துக்குப் போய்விடுவார். சாட்டிலைட் எண்ணிக்கையைக் கூட்டும்போதெல்லாம் பாதுகாப்பையும் கூட்ட வேண்டும். நான் தவறவிட்டது அதைத்தான்.

ஃபியூஷன் யாருக்கு?

ஃபியூஷன் ரியாக்டர் கட்ட டியூட்டீரியம் சுரங்கம் லெவல் 5-ம், எனர்ஜி டெக்னாலஜி என்ற ஆராய்ச்சி லெவல் 3-ம் வேண்டும். பெயரைக் கேட்டால் மூன்றில் இதுதான் சிறந்தது என்று தோன்றும். புதியவர்கள் ஏமாறும் இடம் இது. ஃபியூஷன் எரிபொருள் தின்னும். நாம் சுரங்கத்தில் எடுக்கும் டியூட்டீரியத்தையே அது எரிக்கிறது. நிஜ உலகிலும் டியூட்டீரியம் ஃபியூஷனுக்கான எரிபொருள்தான். கடல்நீரில் ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் அது கலந்திருக்கிறது. விளையாட்டில் அதுதான் கப்பல்களின் எரிபொருளும்கூட. ரியாக்டர் எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் கப்பலுக்குப் போக வேண்டியது.

லெவல் 10 ஃபியூஷன் மணிக்கு 259 டியூட்டீரியம் எரிக்கும். மிதமான கிரகத்தில் லெவல் 15 டியூட்டீரியம் சுரங்கம் மணிக்கு 750 சொச்சம் தரும். அதில் மூன்றில் ஒரு பங்கு ரியாக்டருக்கே போய்விடும். பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பதை எனர்ஜி டெக்னாலஜி தீர்மானிக்கிறது. ஆராய்ச்சி லெவல் 3-ல் இருந்தால் அந்த லெவல் 10 ரியாக்டர் தருவது 648. லெவல் 10-ல் இருந்தால் 1,213. எரிபொருள் இரண்டு நிலையிலும் அதே 259. ஆராய்ச்சி குறைவாக இருக்கும்போது ஃபியூஷன் கட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இப்போது அந்த 1,213-ஐ சாட்டிலைட்டோடு ஒப்பிடுவோம். 33 வீதம் 37 சாட்டிலைட் வேண்டும். 74,000 கிரிஸ்டல், 18,500 டியூட்டீரியம். எல்லாவற்றையும் டியூட்டீரியம் மதிப்பில் மாற்றினால் 55,500. ரியாக்டர் மணிக்கு 259 எரிக்கிறது என்றால், சுமார் 9 நாளில் இதே மதிப்பை எரித்துத் தீர்த்துவிடும். ரியாக்டரைக் கட்டும் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை. இதன் பொருள்: 9 நாளைக்கு ஒருமுறை யாராவது வந்து உங்கள் சாட்டிலைட் அத்தனையையும் உடைத்துவிட்டுப் போனாலும், திரும்பக் கட்டும் செலவு ஃபியூஷனின் எரிபொருள் செலவுக்குச் சமம்தான். அதைவிட அரிதாகத் தாக்கப்படுகிறீர்கள் என்றால் சாட்டிலைட்டில் லாபம். பலமான எதிரிகள் சூழ்ந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை அடிபடுகிறீர்கள் என்றால் ஃபியூஷன் நிம்மதி தரும், அது உடையாது.

ஃபியூஷனுக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு: கடைசி வரிசைக் கிரகங்கள். பதினைந்தாம் இடத்தில் சாட்டிலைட் 5-க்கு மேல் தராது என்று பார்த்தோம். 417 எனர்ஜிக்கு 84 சாட்டிலைட் தொங்கவிட வேண்டிவரும். ஆனால் அதே குளிர்தான் டியூட்டீரியத்துக்கு வரம். முதல் இடத்துச் சூட்டில் ஒரு சுரங்கம் தருவதைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கை அதே லெவல் சுரங்கம் பதினைந்தில் தரும். சாட்டிலைட் உதவாத இடத்தில் எரிபொருள் தாராளம். அங்கே சோலாரை நன்றாக உயர்த்திவிட்டு, ஆராய்ச்சி ஏறியதும் ஃபியூஷனைத் துணைக்குச் சேர்ப்பதுதான் சரி. புதிய கிரகத்தில் குடியேறும் முன்பே, அந்த இடத்தின் வெப்பநிலையைப் பார்த்து இந்த முடிவை எடுத்துவிடுங்கள்.

சூடான கிரகம் ஒன்று கையில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், டியூட்டீரியம் குறைவு என்று தோன்றினாலும். பிற்காலத்தில் டெத்ஸ்டார் என்ற மாபெரும் போர்க்கப்பலைக் கட்ட கிராவிட்டன் என்ற ஆராய்ச்சி வேண்டும். அதற்கு மெட்டலோ கிரிஸ்டலோ தேவையில்லை, ஒரே கிரகத்தில் அந்த நேரத்தில் 3,00,000 எனர்ஜி இருக்க வேண்டும், அவ்வளவுதான். சோலாரையோ ஃபியூஷனையோ உயர்த்தி அந்த எண்ணைத் தொடுவது நடக்காத காரியம். 33 தரும் கிரகத்தில் 9,000 சாட்டிலைட்டுக்கு மேல் வேண்டும், 63 தரும் கிரகத்தில் 4,762 போதும். கிரிஸ்டலில் மட்டும் 85 லட்சத்துக்கு மேல் மிச்சம். அத்தனை சாட்டிலைட்டும் வானத்தில் நிற்கும் நேரத்தில் எதிரிக்கு அது 28 லட்சம் கிரிஸ்டல் மதிப்புள்ள சிதைவு. அதனால் அனுபவசாலிகள் மாதக்கணக்கில் வளம் சேர்த்து, கூட்டாளிகளைக் காவலுக்கு நிறுத்தி, கண் விழித்திருக்கும் ஒரு நாளாகப் பார்த்துக் கட்டுவார்கள். எண்ணிக்கை நிறைந்ததும் ஆராய்ச்சிப் பொத்தானை அழுத்தினால் கிராவிட்டன் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.